காது கேட்கவில்லையா? முதலில் பரிசோதனை, பிறகு மிஷின்



கண் முகாம் என்றால் நம்ம ஊர்களில் வேன் நிறைய ஆள் சேர்ந்துவிடுகிறது. கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் காது விஷயம் மட்டும் அப்படி இல்லை. "வயசாச்சு, இனிமே காது கேட்டு என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்கிறார்கள், காது கேட்காதவரும் அதையே சொல்கிறார். இன்னும் சிலர் டவுனுக்குப் போனபோது கடையில் ஒரு மிஷினை வாங்கி வந்து, நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே இரைச்சலா இருக்கு" என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கடன் மட்டும் தவணை தவணையாக ஓடுகிறது. அதனால் இந்த மாதப் பாடமாகக் காதை எடுத்துக்கொள்வோம்.

இது ஏதோ நாலு பேருக்கு வரும் பிரச்சினை இல்லை. உலகத்தில் 43 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் காது மந்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. நம் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

கூட்டத்தில் கவனித்துப் பாருங்கள்

முன்பெல்லாம் கூட்டத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர், இப்போது சுவர் ஓரமாக உட்கார்ந்து எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறாரா? கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் பதில் சொல்கிறாரா? ஊக்குநர் "அறுபது" என்று சொன்னதை "எழுபது" என்று எடுத்துக்கொண்டு, வட்டிக் கணக்கில் சண்டைக்கு வருகிறாரா? "இந்த அம்மாவுக்கு எதிலும் அக்கறை இல்லை", "வயசான காலத்தில் வீம்பு" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நேரம் அது அக்கறைக் குறைவு இல்லை, காதுக் குறைவு.

இதில் பணமும் இருக்கிறது. தீர்மானத்தைச் சரியாகக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர், பிறகு அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்கிறார். கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது அவருக்குப் பழகிப்போய்விடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் "செவிடி" என்று பெயர் வைத்துவிடுவார்களே என்ற பயம். கொஞ்ச நாளில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. பேச்சுத்துணை இல்லாமல் மனசு சோர்ந்துபோகிறது.

வீட்டிலும் அடையாளம் தெரியும். டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். போனில் பேசும்போது ஒரே காதில்தான் வைப்பார். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் பருப்பைக் குழையவிடுவார். பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்காமல் நடுரோட்டில் நடப்பார். இதில் இரண்டு மூன்று ஒன்றாகத் தெரிந்தால் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான்.

சத்தம் கேட்குது, பேச்சு புரியலை

காது மந்தம் உள்ளவர்கள் அடிக்கடி சொல்கிற வார்த்தை இது. வீட்டில் உள்ளவர்கள் இதை நம்புவதில்லை. "தெருவில் கோயில் மேளம் கேட்குதாம், நான் கூப்பிட்டா மட்டும் கேட்கலையாம்" என்று கோபப்படுகிறார்கள். ஆனால் அவர் சொல்வது நிஜம்.

வயதாலும் அதிக இரைச்சலாலும் காது மந்தமாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். மேளம், லாரி, ஆண்களின் கட்டைக் குரல் கேட்கும். குழந்தைகளின் பேச்சு, பெண்களின் குரல், ச, த, ப போன்ற எழுத்துகளின் நுனி ஒலி நழுவிவிடும். ஒரு சொல்லில் பாதி எழுத்து மட்டும் காதில் விழுந்தால், மீதியை அவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் அறுபது எழுபதாகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஊகிக்கவும் முடியாது.

அதனால் கத்திப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. கத்தினால் ஏற்கெனவே கேட்கிற ஒலிதான் இன்னும் பெரிசாகும். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் புரியும். ஊக்குநர்கள் இதைக் கவனிக்கணும். தீர்மான நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு படித்தால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு எல்லாமே போச்சு. தொகையைச் சொல்லும்போது விரலைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

எதனால் வருகிறது?

வயலுக்குத் தண்ணீர் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் அடைப்பு இருந்தால் தூர் வாரினால் போதும், பயிர் பிழைத்துக்கொள்ளும். பயிரே பட்டுப்போயிருந்தால் எத்தனை முறை வாய்க்காலை வாரினாலும் பச்சை பிடிக்காது.

காதிலும் இப்படி இரண்டு வகை உண்டு. காதுத் துளையில் குறும்பி அடைத்திருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். அங்கே இருக்கிற 3 குட்டி எலும்புகள் அசையாமல் இறுகிப் போயிருக்கலாம். இவை வாய்க்கால் அடைப்பு. மருந்தாலோ சின்ன ஆபரேஷனாலோ பெரும்பாலும் சரி செய்யலாம். இவர்களில் பலருக்கு மிஷினே வேண்டாம். குறும்பியை எடுத்ததும் "ஐயோ, இவ்வளவு சத்தமா!" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அந்த மாதிரி ஒருவர் நேராகக் கடைக்குப் போய் மிஷின் வாங்கியிருந்தால் பணம் தண்டம்தானே?

இன்னொரு வகை உள்காது நரம்புச் சேதம். உள்காது நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும். அதற்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது. வயது, சர்க்கரை நோய், சில ஊசி மருந்துகள், மூளைக்காய்ச்சல், தொடர்ந்த இரைச்சல் எல்லாம் இதற்குக் காரணம். விசைத்தறிக் கூடத்திலும் ரைஸ் மில்லிலும் வேலை பார்க்கிறவர்கள் கவனியுங்கள்: 85 டெசிபல் இரைச்சலில் தினமும் 8 மணி நேரம் இருந்தால் காது கெடும். கைநீட்டுத் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால் அந்த இடம் ஏறக்குறைய அந்த அளவை எட்டிவிட்டது என்று அர்த்தம். காதடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு, ஊக்கு, கொண்டை ஊசி விட்டுக் குடைவது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். குறும்பி இன்னும் உள்ளே தள்ளப்படும், செவிப்பறை கிழியும். சீழ் வடிகிற காதில் எண்ணெய் ஊற்றுவது ரொம்ப ஆபத்து. பேருந்து நிலையத்தில் காது சுத்தம் செய்கிறவரிடமும் தலையைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி நன்றாக இருந்த காது, காலையில் எழுந்தபோது ஒரு பக்கம் பூட்டின மாதிரி கேட்காமல் போனால், "சளியாக இருக்கும், தானா சரியாயிடும்" என்று வாரக்கணக்கில் இருக்கக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

யாரிடம் போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தை 2007ல் சோதனை முறையில் 25 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு விரிவுபடுத்தியது. எந்தக் கிழமையில் காது பரிசோதனை நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

அங்கே இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். முதலில் டாக்டர். அவர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, குறும்பியா, ஓட்டையா, சீழா என்று சொல்வார். அடுத்து ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனை அளந்து கருவி பொருத்துவதற்கென்றே படித்தவர். இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் கடைக்குப் போனாலும் "பதிவு எண் இருக்கா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டதும் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பரிசோதனையில் வலி இல்லை, ஊசி இல்லை. சத்தம் வராத அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டுவார்கள். பீப் பீப் என்று மெல்லிய ஒலி வரும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும் அல்லது பட்டனை அழுத்த வேண்டும். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி நல்ல பெயர் வாங்க நினைக்காதீர்கள், இது பரீட்சை இல்லை. முடிவை ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஆடியோகிராம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு மேலே இருந்தால் நல்லது, கீழே இறங்க இறங்க மந்தம் அதிகம். 20 டெசிபலுக்குள் இருந்தால் சாதாரணக் காது.

இந்தத் தாள்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள், ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை என்றால் காத்திருக்க வேண்டாம்

"எங்க வீட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாராம்" என்று சொல்லிச் சொல்லியே சில வீடுகளில் காலம் போய்விடுகிறது. காதில் விழாத குழந்தைக்குப் பேச்சு வராது. மூளை பேச்சைக் கற்றுக்கொள்வதற்கு முதல் சில வருடங்கள்தான் முக்கியம். பிறந்த குழந்தையையும் சோதிக்கலாம். ஓ.ஏ.இ., பெரா என்ற சோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடுவார்கள். 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை வந்திருந்த குழந்தை, இவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் 2017ல் பெரிய முகாமாகப் போட்டது அந்தத் தட்டம்மை ருபெல்லா ஊசிதான். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற குழந்தைகள் நல மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொல்லுங்கள். 2013ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிறவிக் காது கேளாமையும் சேர்ந்திருக்கிறது. மிஷினாலும் பலன் இல்லாத சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற ஆபரேஷன் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்துகொள்ளலாம். வயது வரம்பு இருப்பதால்தான் காத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

மிஷின் தேர்ந்தெடுப்பது

டி.வி.யிலும் ஆன்லைனிலும் மலிவாக விற்கும் பல சாமான்கள் சத்தத்தைப் பெருக்குகிற வெறும் பெட்டிகள். அவை எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கூட்டும். மிக்ஸி சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் மண்டைக்குள் இடிக்கும், பேச்சு மட்டும் புரியாது. நல்ல டிஜிட்டல் மிஷினை ஆடியோகிராம் பார்த்து, எந்த ஒலி எவ்வளவு குறைவோ அதை மட்டும் அவ்வளவு கூட்டும்படி கம்ப்யூட்டரில் வைத்துத் தருவார்கள். அதனால்தான் பக்கத்து வீட்டு மாமியாரின் மிஷின் உங்கள் அம்மாவுக்குச் சரிவராது. இன்னொருவரின் கண்ணாடியை நாம் போடுகிறோமா?

சட்டைப் பைக்குள் வைக்கும் பழைய வகையில் பெட்டியும் ஒயரும் இருக்கும். பொத்தான் பெரிது, விலை குறைவு. ஆனால் ரவிக்கைக்குள் வைத்தால் துணி உரசுகிற சத்தம்தான் முதலில் கேட்கும். காதின் பின்புறம் மாட்டுவதுதான் நம்மில் பலருக்கு ஏற்றது. குறைந்த மந்தத்திலிருந்து கடுமையான மந்தம் வரை இதில் கிடைக்கும், கை நடுங்குகிறவரும் எடுத்து மாட்டலாம், குழந்தைக்கும் இதுதான். காதுக்குள் போகிற மோல்டை மட்டும் அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும். அது சரியாகப் பொருந்தாவிட்டால் கீ என்று விசில் அடிக்கும். காதுக்குள்ளேயே மறைகிற குட்டி மிஷின் வெளியே தெரியாது என்று ஆசைப்படுகிறார்கள். விலை கூடுதல், வியர்வையிலும் குறும்பியிலும் சீக்கிரம் கெடும், கடுமையான மந்தத்துக்குப் போதாது. வெளியே தெரிந்தால் என்ன? தோடும் மாட்டலும் தெரியத்தானே போடுகிறோம்!

விலை சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல் வரை போகிறது. கூடுதல் விலை என்பதால் கூடுதலாகக் கேட்கும் என்று இல்லை. வீடு, தோட்டம், குழுக்கூட்டம் என்று இருக்கிறவருக்கு நடுத்தர விலை மிஷினே போதும் என்பது எங்கள் கருத்து. பணம் கட்டும் முன் கடையிலேயே மாட்டி, கூட வந்தவரை நாலடி தள்ளி நின்று சாதாரணமாகப் பேசச் சொல்லிப் பாருங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா, வாரண்டி எத்தனை வருடம், ரிப்பேருக்கு எந்த ஊருக்கு வர வேண்டும், திரும்பச் சரிசெய்யக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, பில்லில் வரி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் போடுவதுதான் நல்லது. பணம் இல்லையென்றால் எந்தக் காதுக்கு முதலில் என்று ஆடியாலஜிஸ்ட்டே சொல்வார்.

பேட்டரிச் செலவையும் கணக்கில் சேருங்கள். காதின் பின்புறம் மாட்டுகிற பல மிஷின்களில் ஒரு பேட்டரி 10 நாளிலிருந்து 2 வாரம் வரும். 6 பேட்டரி உள்ள அட்டை, ஒரு காதுக்கு வருடத்துக்கு 5, 6 ஆகும். சார்ஜ் போடுகிற வகையும் இருக்கிறது, கரண்ட் ஒழுங்காக வருகிற ஊருக்கு வசதி.

இலவச உதவியும் குழுக் கடனும்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மிஷின் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு அரசு டாக்டரின் சான்று வேண்டும். 2016ஆம் வருடச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறைவு இருந்தால்தான் கணக்கில் வரும். 45, 50 டெசிபலில் இருக்கிறவருக்கும் மிஷின் தேவைதான், ஆனால் அட்டை கிடைக்காமல் போகலாம். 60 வயது தாண்டிய, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2017ல் தொடங்கிய முதியோர் உதவி உபகரணத் திட்டத்தில் முகாம் வைத்து மிஷின் கொடுக்கிறார்கள். முகாம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டமைப்பின் பெயரில் மனுக் கொடுத்துக் கேட்கலாம். ஒருத்தியாகப் போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எதிலும் சேராதவருக்குத்தான் குழுக் கடன். "காது மிஷினுக்கெல்லாம் கடனா, அதில் வருமானம் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டத்தில் பேசுவதும் சந்தையில் விலை கேட்பதும் வருமானம் இல்லையா? கொடுங்கள். ஆனால் ஆடியோகிராம் தாளையும் டாக்டர் சீட்டையும் பார்த்த பிறகு கொடுங்கள். கடனில் முதல் வருடப் பேட்டரிக்கும் சேர்த்து எழுதுங்கள்.

மாட்டிப் பழக வேண்டும்

பல வருடம் கேட்காமல் இருந்த மூளைக்கு முதல் நாள் எல்லாமே இரைச்சல்தான். கொலுசுச் சத்தம், பாத்திரச் சத்தம், சொந்தக் குரல்கூட விநோதமாக இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கழற்றி பீரோவில் வைக்கிறார்கள். முதல் வாரம் தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள். பிறகு திண்ணை, அப்புறம் குழுக்கூட்டம், கடைசியில் சந்தை. பழக சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அளவு சரியில்லை என்றால் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருப்பது சகஜம். "மிஷின் போட்டா இருக்கிற காதும் போயிடும்" என்பது வீண் பயம். பரிசோதித்துச் சரியாக அளவு வைத்த மிஷின் காதைக் கெடுக்காது.

குளிக்கும்போதும் எண்ணெய் தேய்க்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் நாற்று நடப் போனால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைத்தால் வியர்வை ஈரம் காயும். மிஷினைத் தண்ணீரில் கழுவக் கூடாது, காய்ந்த துணியால் துடைக்கணும். மோல்டை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். பழைய பேட்டரியைத் தரையில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேச

நம் குழுவில் யார் யாருக்குக் காது மந்தம் என்று தோன்றுகிறது? யாரையும் கேலி செய்யாமல், அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது எப்படி?

பரிசோதனைக்குப் போகிறவரோடு துணைக்கு யார் போவது? அன்றைய பஸ் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

யார் வீட்டு பீரோவிலாவது மிஷின் சும்மா கிடக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு எந்தக் கிழமை ஆடியாலஜிஸ்ட்டைப் பார்க்கப் போகலாம்?